கல்வராயனில் ஓட ஆசையா?

கோமுகி அணையில் நின்று பார்த்தால் கல்வராயன் மலை கிட்டத்தில்தான் தெரியும். ஓடியே ஏறிவிடலாம் என்று தோன்றும். கிலோமீட்டரை மட்டும் எண்ணித் திட்டம் போடாதீர்கள். ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் 1892-லேயே ஒரு கணக்குச் சொன்னார்: நடப்பவருக்குச் சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 2,000 அடி ஏறினால் கூடவே இன்னொரு மணி. பெரிய கல்வராயனோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,000 அடி!

ஏற்றத்தை விட இறக்கம் பொல்லாதது. உடல் எடையைத் தொடைத் தசைதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். மறுநாள் வீட்டுப் படி இறங்கும்போது தெரியும் சேதி. ஐப்பசி, கார்த்திகையில் ஓடைகள் பெருகும். கோடையில் காட்டுத்தீ பயம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காட்டுப் பாதை என்றால் முதலில் வனத்துறை அனுமதி வாங்குங்கள். வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.