மூச்சிரைப்பின் காரணம் வீட்டுக்குள்ளேயா?



மாதக்கணக்கில் வறட்டு இருமல், படியேறினால் மூச்சிரைப்பு, சரீர மெலிவு. இப்படி வருகிறவரைப் பார்த்தவுடன் காசநோய் அல்லது ஆஸ்துமா என்று எண்ணுவது நம் தேசத்தில் வழக்கம். ஆனால் சளியில் கிருமி இல்லை, மருந்தும் பலனளிக்கவில்லை. அப்பொழுது நாங்கள் வேறொரு வியாதியையும் நினைத்துப் பார்க்கிறோம். அதுவே ஒவ்வாமை நுரையீரல் அழற்சி.

சுவாசத்தோடு உட்செல்லும் நுண்ணிய தூசியைச் சிலருடைய சரீரம் பகைவனாக எண்ணிப் போராடுகிறது. அதனால் நுரையீரல் வீங்குகிறது. தொடக்கத்திலேயே தூசியை விலக்கினால் பெரும்பாலும் வீக்கம் ஆறிவிடும். விலக்காவிட்டால் தழும்பு உண்டாகும். தழும்பு விழுந்த பாகம் பழைய நிலைக்குத் திரும்பாது.

அந்தத் தூசி எது? 1932-ல் இங்கிலாந்தில் காம்பெல் என்னும் மருத்துவர், பூஞ்சை பிடித்த உலர்புல்லைக் கையாண்ட விவசாயிகளிடம் இதைக் கண்டு எழுதினார். புறா எச்சம், இறகுத்தூள், பூஞ்சை பிடித்த கரும்புச் சக்கை ஆகியவையும் காரணமாகலாம். நம் இந்தியாவில் நுரையீரல் திசு நோயுள்ள 1,084 பேரைப் பற்றிய ஆய்வு 2017-ல் வெளியானது. அவர்களில் 47 சதவீதத்தினருக்கு இருந்தது இவ்வியாதியே. இவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேர் ஏர் கூலர் காற்றைச் சுவாசித்தவர்கள்! ஈரம் உலராத கூலர் தட்டியில் பூஞ்சை எளிதாக வளரும்.

ஸ்கேன் படம் நுரையீரலின் சேதத்தைக் காட்டும். எந்தத் தூசி என்று சொல்லாது. இரத்தப் பரிசோதனையோ, சரீரம் அத்தூசியைச் சந்தித்தது என்று மட்டுமே காட்டும். நோய்க்கு அதுவே காரணம் என்று நிரூபிக்காது. ஆகவே நாங்கள் பொறுமையாக விசாரிக்கிறோம். என்ன தொழில்? சுவரில் ஈரக்கசிவு உண்டா? ஜன்னலில் புறா அடைகிறதா? இறகுத் தலையணையா? வெளியூர் போனால் மூச்சு இலகுவாகிறதா? திரும்பியதும் மோசமாகிறதா?

இக்கேள்விகள் அற்பமானவையல்ல. 2013-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 142 பேரில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காரணம் அகப்படவில்லை. காரணம் அறியப்பட்டவர்களைவிட அவர்கள் குறைந்த காலமே உயிர்வாழ்ந்தார்கள். காரணம் நீங்காதிருக்க, ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் போதாது.

ஆகையால் அன்பானவர்களே, இருமல் நீடித்தால் வீட்டையும் வேலையையும் பற்றி மருத்துவரிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். கூலர் தட்டியைச் சுத்தமாக்குங்கள். ஆலய மணிக்கூண்டில் புறா எச்சம் குவிந்திருந்தால், இந்நோயுள்ளவரைக் கூட்டிப் பெருக்க அனுப்பாதிருங்கள்.