கதவைப் பாருங்கள், பிறகு சுவிட்சைப் போடுங்கள்

(மைக்ரோவேவ் அடுப்பில் வேலை செய்யும் உறுப்பினர்களுக்காகக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



நம் குழு உறுப்பினர்களில் பலர் கேண்டீன், பேக்கரி, கேட்டரிங் என்று வேலைக்குப் போகிறார்கள். சில குழுக்கள் சொந்தமாகவே சிற்றுண்டிக் கடை நடத்துகின்றன. அங்கெல்லாம் மைக்ரோவேவ் அடுப்பு வந்துவிட்டது. அதைப் பற்றி இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறோம். "அதுல கதிர் வருதாம், நான் கிட்டவே போக மாட்டேன்" என்பது ஒன்று. "ஒண்ணும் ஆகாது, கதவு லூசா இருந்தா டேப் ஒட்டி ஓட்டலாம்" என்பது இன்னொன்று. இரண்டும் சரியில்லை.

முதலில் பயத்தைப் பார்ப்போம். மைக்ரோவேவ் என்பது ரேடியோ அலை மாதிரி ஒரு மின்காந்த அலை. எக்ஸ்ரே வகையைச் சேர்ந்தது அல்ல. இந்த அடுப்பில் அது வினாடிக்கு சுமார் 245 கோடி முறை அதிர்கிறது. அந்த அதிர்வில் உணவில் உள்ள நீர் சூடாகிறது. சுவிட்சை நிறுத்தினால் அலையும் நின்றுவிடும். சாப்பாட்டில் கதிர் எதுவும் தங்காது.

அந்த அலையை உள்ளேயே அடைத்து வைப்பது இரும்புப் பெட்டியும் கதவும்தான். கதவுக் கண்ணாடியில் சின்னச் சின்ன ஓட்டை போட்ட தகடு தெரியும், பார்த்திருப்பீர்கள். அலையின் நீளம் சுமார் 12 செ.மீ. அந்தச் சிறு ஓட்டை வழியாக அது தப்ப முடியாது. ஆனால் கதவு கோணினால், கீல் ஆடினால், ஓரத்தில் இடைவெளி விழுந்தால் கசியும்.

கசிவு அதிகமானால் என்ன ஆகும்? உணவைச் சூடாக்குவது போலவே உடம்பையும் சூடாக்கும். கண்ணுக்குத்தான் முதல் ஆபத்து. கண்ணின் லென்சில் ரத்தக் குழாய் கிடையாது. அதனால் சூடு எளிதில் வெளியேறாது. அளவுக்கு மீறிப் பட்டால் கண்புரை வரலாம். அடுப்புக் கதவு பல இடங்களில் நம் முகத்துக்கு நேராகத்தானே இருக்கிறது?

பல நாடுகள் வைத்துள்ள வரம்பு இது: அடுப்பிலிருந்து 5 செ.மீ. தள்ளி அளந்தால், ஒரு சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக் கூடாது. தள்ளி நின்றால் அதுவும் வேகமாகக் குறையும். 50 செ.மீ. தூரத்தில், அதாவது ஒரு முழத்துக்குச் சற்று மேல் நின்றால், 5 செ.மீ.யில் படுவதில் நூறில் ஒரு பங்குதான் படும். கதவு சரியாக இருக்கும் மெஷினுக்காகக் கர்ப்பிணிப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தத் தேவையில்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

நாங்கள் போய்ப் பார்த்த ஒரு கேண்டீனில் அடுப்பின் கொக்கி உடைந்திருந்தது. நம் உறுப்பினர் ஒருவர் கதவைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கிட்டே வைத்து நின்றார். "சொன்னா நாளைக்கு வர வேண்டாம்பாங்க" என்றார். அந்தப் பயம் நியாயமானதுதான். வாரச் சம்பளத்தை நம்பித்தான் குழுக் கடன் கட்டுகிறார். அதனால் அவரைத் தனியாகப் பேச விடவில்லை. அங்கே வேலை செய்யும் ஐந்து பேரும் சேர்ந்து போய்க் கேட்டார்கள். பிளக்கைக் கழற்றி வைத்து, மெக்கானிக் வந்து கொக்கி மாற்றி, கசிவுமானியால் அளந்த பிறகே மறுபடி ஓட்டினார்கள். யாருக்கும் வேலை போகவில்லை.

தினமும் செய்ய வேண்டியவை:

1. கதவு முழுதாக மூடுகிறதா, கீல், கொக்கி, கண்ணாடி, தகடு உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. கதவு ஓரத்தில் எண்ணெய், சோற்றுப் பருக்கை ஒட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

3. கதவைத் திறந்தும் மெஷின் நிற்காவிட்டால், உடனே பிளக்கைக் கழற்றி "ஓட்டாதீர்கள்" என்று எழுதி ஒட்டுங்கள்.

4. காலியாக ஓட்டாதீர்கள். சில்வர் பாத்திரம் வைக்காதீர்கள். முட்டையை ஓட்டோடு வைத்தாலும், இறுக மூடிய டப்பாவை வைத்தாலும் வெடிக்கும்.

5. ஓடும்போது முகத்தைக் கதவருகே கொண்டு போகாதீர்கள்.

6. மூடியைக் கழற்றி நாமே ரிப்பேர் பார்க்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். உயிரே போய்விடும்.

செல்போனை உள்ளே வைத்து ரிங் அடித்துப் பார்க்கிறார்கள். அது சோதனையே அல்ல. செல்போன் மிகச் சிறிய சிக்னலிலும் அடிக்கும். கசிவுமானி வைத்திருக்கும் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு அளந்து, அளவை எழுதி வாங்குங்கள்.

சேமிப்புக்கும் கடனுக்கும் பதிவேடு வைக்கிறோம். மெஷினுக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடுங்கள். தேதி, பார்த்தவர் பெயர், கதவின் நிலை, சர்வீஸ் நாள், இவ்வளவு போதும். "யாரும் சொல்லவே இல்லையே" என்று பிறகு ஒருவரும் சொல்ல முடியாது.

நாடாளுமன்றம் 2020-இல் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, தன் பாதுகாப்பு பற்றிய விவரத்தை முதலாளியிடம் கேட்டுப் பெறவும், குறையை எடுத்துச் சொல்லவும் தொழிலாளிக்கு உரிமை தருகிறது. கேட்பது சண்டை போடுவது ஆகாது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, இப்படி மெஷின் உள்ள ஒவ்வொரு குழுவும் அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள். கதவு சரியில்லாத இடம் எது என்று தெரிந்தால், கூட்டமைப்பே உங்களோடு வந்து பேசும். தனியாகப் பேச முடியாததைச் சேர்ந்து பேசத்தானே குழு வைத்திருக்கிறோம்.