உறுதியில் பெயரில்லாத முன்னோர்

(கிராம வாசிகசாலை ஒன்றில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய அவையில் ஆற்றப்பட்ட உரை)



ஆடி அமாவாசையன்று கீரிமலைக்குச் சென்று பிதிர்க்கடன் ஆற்றுவது நம்மவரின் நெடுநாளைய வழக்கம். குருக்கள் தந்தையின் பெயரைக் கேட்பார், தயங்காது சொல்லுவோம். பாட்டனின் பெயரைக் கேட்பார், அதையும் சொல்லிவிடுவோம். பூட்டனின் பெயர் யாது என்று அவர் கேட்குமிடத்திலேதான் நமது வாய் அடைத்துப்போகின்றது. அருகில் நிற்கும் பெரியப்பாவின் முகத்தை நாம் பார்க்கின்றோம். அவர் கடலைப் பார்க்கின்றார். குருக்கள் பழகியவர், பெயர் அறியாதார்க்கும் அவரிடம் மந்திரம் உண்டு. கிரியை குறைவின்றி நிறைவேறிவிடும். எள்ளும் நீரும் பெற்றவர் யார் என்பது மட்டும் நமக்குத் தெரியாது.

நமது பெயரிடும் முறையே இம்மறதிக்கு ஒரு காரணம். வழிவழி வரும் குடும்பப் பெயர் நம்மிடம் இல்லை. தந்தையின் பெயர் மகனுக்கு முன்னெழுத்தாகச் சுருங்குகின்றது; அடுத்த தலைமுறையில் அவ்வோரெழுத்தும் உதிர்ந்துவிடுகின்றது. பாட்டனின் பெயரைப் பேரப்பிள்ளைக்கு இடும் நல்வழக்கம் ஒன்று இருந்தது. எண்சாத்திரக்காரர் வந்து அதனையும் கெடுத்துவிட்டனர்.

ஆகவே முன்னோரைத் தேடப் புகுவோர் ஏட்டை நாடவேண்டும். எந்த ஏடு என்று கேட்பீர்கள். முதலில் வீட்டுப் பெட்டகத்தைத் திறவுங்கள். சாதகக் குறிப்புகள் இருக்கும். அவற்றிலே பிரபவ, விபவ என்று ஆண்டின் பெயர் எழுதப்பட்டிருக்குமேயன்றி எண் இராது. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அப்பெயர் திரும்பி வருமாதலின், பிரபவ ஆண்டிற் பிறந்தவர் 1867இலும் பிறந்திருக்கலாம், 1927இலும் பிறந்திருக்கலாம். இதைக் கவனியாது பாட்டனையும் பேரனையும் ஒருவராக்கிவிட்ட வம்சாவளிகள் உண்டு.

அடுத்து, அந்தியேட்டியன்று அச்சிட்டு வழங்கும் கல்வெட்டுகள். இறந்தவரின் திதி வெண்பாவும், ஊர்ச் சிறப்பும், குலமரபும், மக்கள் மருமக்கள் பெயரும் அவற்றில் வரும். புகழ்ச்சி மிகுதிதான், இறந்தவர் அனைவரும் கொடையிற் கர்ணர்! ஆயினும் அப்புகழ்ச்சியைப் பதர் என்று தூற்றிவிட்டால், பெயரும் உறவும் மணியாக எஞ்சும். இத்தகைய நினைவு மலர்களை நூலகம் நிறுவனத்தார் கணினியில் ஏற்றிப் பாதுகாத்து வருகின்றனர். உங்கள் வீட்டுப் பரணில் கிடப்பதையும் கறையானுக்கு முன் அவர்கள் கையில் சேர்ப்பது நன்று.

ஆனால் நம் நாட்டில் முன்னோரின் பெயர் மிகச் செறிந்து கிடப்பது காணி உறுதிகளிலேயே. கமக்காரராகிய உங்களுக்கு இதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. காணிக்கு ஒரு பெயர். கலட்டி என்றும், புலம் என்றும், வளவு என்றும், தாழ்வு என்றும் அது முடியும். பின் இத்தனை லாச்சம் வரகு, இத்தனை லாச்சம் நெல் என்று விதைப்புக் கணக்கில் விசாலம். பின் நான்கு எல்லைகள். ஒவ்வோர் எல்லையிலும் அயற்காணிக்காரர் பெயர், அவர் இறந்திருந்தால் உரித்தாளர் பெயர். பின் பனை, வடலி, பங்குக் கிணறு, வழி வாய்க்கால். எல்லாவற்றுக்கும் மேலாக, இக்காணி இன்னாருக்கு எவ்வழியால் உரித்தாயிற்று என்று கூறும் வாசகம். இன்ன ஆண்டு, இன்ன நொத்தாரிசு எழுதிய இன்ன இலக்க உறுதி என்று அது முந்திய உறுதியைச் சுட்டும். அதைப் பிடித்து ஏறினால் அதற்கு முந்தியது. இவ்விதம் உறுதி உறுதியாக ஏறி நூற்றைம்பது ஆண்டு பின்னோக்கிச் செல்வது அரிதன்று.

இவ்வழியிற் சென்றவர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கின்றது. நாவினால் நாம் சொல்லும் வம்சாவளியில் ஆண்களே நிரம்பியிருப்பர். பெண்களைப் பற்றிக் கேட்டால், அந்த ஊரில் எடுத்தது, இந்த ஊருக்குக் கொடுத்தது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். உறுதியிலோ பெண்களே முன்னிற்கின்றனர்! காரணம் தேசவழமை. யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்த அதிகாரியாகிய கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரு முதலியார்கள் பார்வையிட்டு ஒப்பியபின், 1707இல் அது சட்டமாயிற்று. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை அது பகுக்கின்றது. சீதனக் காணி தாயிடமிருந்து மகளுக்குச் செல்லுவது. ஆகவே மகளுக்கு எழுதிய உறுதி தாயின் சீதன உறுதியைச் சுட்டும். அது அவள் தாயினதைச் சுட்டும். பூட்டியின் தாய் பெயரைக் குடும்பத்தில் ஒருவரும் அறியார். நொத்தாரிசின் ஏடு அறியும். பெண்வழியைப் பாதுகாத்தது நமது பாசமன்று, நமது காணியாசை என்று எவரேனும் சொன்னால் அவரோடு வாதிட நம்மிடம் சான்றில்லை.

உறுதிக்கும் முந்தியது தோம்பு. போர்த்துக்கேயரும் அவர்பின் 1658 முதல் ஆண்ட ஒல்லாந்தரும் வரி தண்டுவதற்காகக் காணியையும் ஆளையும் எழுதிவைத்த பதிவேடுகள் அவை. ஒல்லாந்தர் கால ஆவணங்களின் பெரும்பகுதி கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் உள்ளது. பாடசாலைத் தோம்பு என்று வேறொன்றும் உண்டு. கோயிற்பற்றுதோறும் ஞானஸ்நானமும் விவாகமும் அதிலே பதியப்பட்டன. பதிவில்லா விவாகத்திற் பிறந்த பிள்ளைக்கு உரிமை வழக்கில் இடர் வருமென்று அஞ்சி, சைவரும் அங்கே சென்று பெயர் கொடுத்தனர். ஆதலின் வீட்டில் விபூதி பூசிய மூதாதை ஒருவர் ஏட்டில் 'தொன் பிலிப்பு' என்று நிற்கக் கண்டால் வெகுண்டெழாதீர்கள். பகலில் தேவாலயமும் இரவில் கொல்லைப்புறத்து வழிபாடுமாக அவர் வாழ்ந்திருத்தல் கூடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முதலியார் ஒருவரைத் தேடிப் புறப்படுகின்றவர், எப்படியும் முதலியாரைக் கண்டுகொண்டே வீடு திரும்புவார். குடும்ப வரலாறு என்ற பெயரில் நம்மிடையே நடைபெறுவதிற் பெரும்பகுதி சாதிச் செருக்குக்குச் சான்று திரட்டுவதேயாகும். அவ்வேலைக்கு நம்மிடம் துணை கேட்டு வரவேண்டாம்.

ஏனெனில், காணி உறுதியை வைத்து முன்னோரைத் தேடினால் காணி இருந்தவரே கிடைப்பர். காணி இல்லாதவர் எங்கே? அவர்களும் ஏட்டில் உள்ளனர், எப்படி என்பதுதான் நெஞ்சைச் சுடுகின்றது. தேசவழமை அடிமைகளையும் சொத்தாகவே கணக்கிட்டது. மாட்டையும் நகையையும்போல அவர்கள் சீதனத்தில் வந்தனர், முதுசத்திற் பங்காயினர். பன்னிரு முதலியார்களும் அதை ஒப்பினர். அடிமையாயிருந்தவரை எவரும் அழைத்துக் கேட்கவில்லை. இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் முற்றாக ஒழிந்தது 1844இலேயே. ஏழெட்டுத் தலைமுறைதான் ஆகின்றது. விற்றவனின் வழித்தோன்றல்களும் விற்கப்பட்டவனின் வழித்தோன்றல்களும் ஒரே ஊரில், ஒரே வாசிகசாலையில், இன்று பத்திரிகை வாசிக்கின்றோம். முன்னவர்க்குப் பூட்டனின் பெயர் மறந்துபோயிற்று. பின்னவர்க்கோ அது எழுதப்படவே இல்லை. எழுதப்பட்டவிடத்தும் உடையவனின் சொத்துப் பட்டியலில் தந்தை பெயரின்றி நிற்கின்றது. இவ்விரண்டும் ஒரே வகை மறதியாகா.

கலட்டி என்றோமே, அது கற்பாறை நிலம். பாறையை உடைத்து, மண் சுமந்து கொட்டித் தோட்டமாக்கிய கை யாருடையது? சிலவேளை காணியின் பெயரிலேயே, 'இன்னான் கலட்டி' என்று, உரித்தாளர் வரிசை எதிலும் காணப்படாத ஒருவரின் பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கின்றது. அவர் யார் என்று நாம் விசாரித்ததுண்டா?

பெயர் அறியாமை கிரியைக்கு மட்டுமே இடையூறு என்று எண்ணியிருப்போர் 1948ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கவேண்டும். அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது? இலங்கையிலே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்திருக்கவேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும் என்றது. கீரிமலையிற் குருக்கள் கேட்கும் அதே கேள்விதான். ஆனால் இங்கே மாற்று மந்திரம் கிடையாது. பிறப்புப் பதிவு நாட்டில் ஒழுங்காக நிலைபெற்றதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். அதற்கு முன் பிறந்த தந்தைக்கும் பாட்டனுக்கும் அத்தாட்சி எங்கே கிடைக்கும்? இக்கேள்வியை யாழ்ப்பாணத்துக் கமக்காரரிடமோ கண்டிக் கிராமத்தவரிடமோ அதிகாரி ஒருவர் கேட்டிருப்பாராயின், அவர்களிலும் எத்தனைபேர் தேறியிருப்பர்? கேட்கப்பட்டவர்கள் மலையகத் தமிழரே.

தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்தவர்களின் வழிவந்தோர் அவர்கள். நோயாலும் பசியாலும் வழியிலே வீழ்ந்தவர்களுக்குக் கல்லில்லை, ஏடில்லை. உயிரோடு சேர்ந்தவர்களின் பெயரும் கங்காணியின் பற்றுக் கணக்கிலும் தோட்டத்துச் செக்ரோலிலும் கூலியின் பொருட்டே ஏறிற்று. கேட்டவர் கேட்டபடி, எழுதியவர் எழுதியபடி, ஒரே ஆளுக்கு மூன்று விதமான பெயர். 1949ஆம் ஆண்டின் மற்றொரு சட்டத்தின்கீழ், இத்தனை ஆண்டு இடையறாது இங்கே வசித்தோம் என்று காட்டி எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பதிவு வேண்டி விண்ணப்பித்தனர். பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேர். எஞ்சியோரை 1964இல் இரு அரசுகளும் பங்கிட்டன: 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேர் பின்னர் பார்ப்போம் என்று. 1974இல் அம்மீதியும் பாதி பாதியாயிற்று. இங்கே எஞ்சி நாடற்றோராய் இருந்தவர்களின் குறையைத் தீர்க்கும் சட்டம் வர 2003ஆம் ஆண்டாயிற்று. பூட்டனின் பெயர் எழுதப்படாமைக்கு ஒரு சமூகம் கொடுத்த விலை இது.

1977இன் கலவரத்துக்குப் பின் அவர்களுட் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் வந்து குடியேறி, நம்மவரின் வயல்களிலே கூலிக்கு நின்றனர். நமது உறுதியில் அவர்களுக்கு இடமில்லை. நமது பேச்சிலும் 'தோட்டக்காட்டார்' என்ற ஒரு சொல்லோடு முடித்துவிட்டோம். 2023இல் அவர்களுடைய வருகையின் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் நடந்து சென்றனர். பெயர் தெரியாத முன்னோர்க்குக் கால்களாற் செய்த கிரியை அது.

நமது ஏடுகளும் பத்திரமாயிருக்கவில்லை. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. ஓலைச்சுவடிகளும் அதில் மாண்டன. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் ஓரிரவிற் பெயர்ந்தபோது உறுதிக்கட்டை எடுத்தவர் சிலர், எடுக்க மறந்தவர் பலர். 2009இல் வன்னியில் உயிரே பெரிதாயிற்று. உறுதி தொலைந்தது என்று கைவிட்டிருப்போர் ஒன்றறிக: நொத்தாரிசு முடிக்கும் உறுதியின் ஒரு பிரதி தரப்பினரிடமும், ஒன்று நொத்தாரிசிடமும், மற்றொன்று காணிப் பதிவகத்திலும் இருப்பது சட்டம். இலக்கமும் ஆண்டும் தெரிந்தால் தேடலாம். இலக்கம் தெரியாதாயினும் அயற்காணிக்காரரின் உறுதியிலே உங்கள் எல்லை இருக்கும்.

உறுதியில்லாதவருக்கு முதியோரின் நாவன்றி வேறு கதியில்லை. ஆகவே இளைஞர்கள் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு ஊரிலுள்ள எண்பது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரிடமும், எல்லாக் குறிச்சிகளிலும், செல்லவேண்டும். பூட்டனைப் பற்றி மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். தாயின் தாயுடைய தாய் பெயர் யாது? அவள் எவ்வூரிற் பிறந்தாள்? பிறந்து இறந்த குழந்தைகளுக்குப் பெயர் இட்டிருந்தனரா? தோட்டத்திலே துலா மிதித்தவர் யார், பட்டை பிடித்தவர் யார், அவர்களுக்குக் கூலி என்ன, அவர்களின் பிள்ளைகள் இன்று எங்கே? சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். சொன்னவரின் பெயரையும் நாளையும் அடியிற் குறியுங்கள். வெட்கப்படத்தக்க செய்தி வந்தால் அதை இரண்டு மடங்கு கவனத்தோடு எழுதுங்கள்.

அடுத்த பூரணையன்று பிற்பகல் நான்கு மணிக்கு இவ்வாசிகசாலையில் மீண்டும் கூடுவோம். பழைய கையெழுத்தை வாசிக்கப் பழகிய ஓய்வுபெற்ற நொத்தாரிசு ஒருவர் வந்திருப்பார். உறுதி உள்ளோர் அதன் பிரதியை எடுத்து வாருங்கள், மூலத்தை வீட்டில் வைத்துவிடுங்கள். உறுதி இல்லாதோர் தங்கள் வீட்டு முதியவரை அழைத்து வாருங்கள். அவர்களுக்கு முதலிற் கதிரை இடப்படும், அவர்கள் கூறுவதே முதலில் எழுதப்படும்.