தேவனுடைய வரலாற்றில் நம் இடம்



"நமக்கு எங்கே இடம்?" என்பது நம் மக்கள் தலைமுறை தலைமுறையாய்க் கேட்டுவரும் கேள்வி. ஊருக்குள் இடமில்லை, சில கல்லறைத் தோட்டங்களிலுங்கூடத் தனியிடமே தரப்பட்டது. கிறிஸ்தவராயினமையால், 1950-ஆம் ஆண்டின் ஆணை அட்டவணைச் சாதியினர்க்குரிய உரிமையையும் நமக்கு மறுத்து நிற்கிறது.

ஆயினும் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். தேவன் செவிசாய்த்தது பார்வோனின் அரண்மனைக்கன்று. செங்கல் அறுத்த அடிமைகளின் கூக்குரலுக்கே. அந்த வரலாறு இன்னும் முடியவில்லை.

மயிலாடி மகராசன் சாம்பவர் குலத்தவர். தஞ்சையில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். அவரது அழைப்பினால் 1806-இல் ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடி வந்தார்; 1809-இல் அங்கே ஆலயம் எழுந்தது. 1816-இல் ஐயர் விடைபெற்றபோது சபைகளின் பொறுப்பு வேதமாணிக்கத்தின் கைக்கே வந்தது. ஊர் ஒதுக்கிய மனிதர் சபைகளைத் தாங்கி நின்றார்.

இளைஞர்களே! உரிமையைக் கேட்பதை விடவேண்டா. அது கிடைக்கும்வரை பொறுப்பேற்காமல் காத்திருக்கவும் வேண்டா. கல்வி பெற்ற ஒவ்வொருவரும், பள்ளியை விட்டு நின்ற ஒரு பிள்ளையையேனும் மீண்டும் சேர்ப்பீராக. தேவனுடைய வரலாற்றில் உங்கள் இடம் அந்தப் பிள்ளையின் அருகில்தான் இருக்கிறது.