சேரியிலிருந்து பார்த்தால் கோபுரம் தெரியும்

(மாணவர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



அமெரிக்கா பற்றிப் பேசுங்கள் என்று கேட்டபோது தயங்கினேன். மூன்று மாதம் அக்கா மகன் வீட்டில் சோறு தின்றுவிட்டு வந்தவன் ஒரு நாட்டைப் பற்றி என்ன பேசிவிட முடியும்? அதனால் நாட்டை விட்டுவிடுகிறேன். ஒரு ஊர், அந்த ஊரின் ஒரு பக்கம், அந்தப் பக்கத்தில் விற்பனைக்கு வந்த ஒரு வீடு. இவ்வளவுதான் நான் பேசப்போவது.

ஊர், டெக்சாஸ் மாநிலத்தின் தலைநகர் ஆஸ்டின். 2023 கோடையில் போனேன். அக்கா மகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. நகரத்துக்கு வடக்கே ஒரு புறநகரில் வாடகைக்கு இருந்தான், சொந்த வீடு தேடிக்கொண்டிருந்தான். ஒருநாள் ராத்திரி போனை என் முன்னால் நீட்டி ஒரு விளம்பரத்தைக் காட்டினான். சின்ன மரவீடு. வாசல் திண்ணையிலிருந்து டவுன்டவுனின் உயரமான கட்டிடங்கள் வரிசையாகத் தெரியும், விசித்திரமான அழகுள்ள பழைய குடியிருப்பு, நகரின் மையத்துக்குச் சில நிமிடங்களில் போய்விடலாம் என்றெல்லாம் எழுதியிருந்தது.

"வீடு சின்னதுதான் மாமா. ஆனா அந்த வியூ இருக்கு பாருங்க, அதுக்குத்தான் காசு" என்றான்.

இடத்துக்குப் பேர் என்ன என்று கேட்டேன். "ஈஸ்ட் ஆஸ்டின்" என்றான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் கீழத்தெரு என்றால் அங்கே யார் இருக்கிறார்கள் என்று யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. திசையைச் சொன்னால் ஆளைத் தெரிந்துகொள்கிற நாட்டிலிருந்து போனவன் நான்.

அந்தச் சனிக்கிழமை வீட்டைப் பார்க்கப் போனோம். டவுன்டவுனிலிருந்து கிழக்கே போக வேண்டுமானால் ஒரு பெரிய நெடுஞ்சாலையைத் தாண்ட வேண்டும். ஐ-35 என்று பெயர். மேலே ஒரு அடுக்கு, கீழே ஒரு அடுக்கு என்று வண்டிகள் இரைந்துகொண்டு போகின்றன. அந்த இடத்தில் முன்பு ஈஸ்ட் அவென்யூ என்ற அகலமான சாலை இருந்தது, நடுவில் மரமும் புல்லுமாக. 1962-ல் அது நெடுஞ்சாலையாகத் திறக்கப்பட்டது. சாலைக்கு மேற்கே ஊர், கிழக்கே சேரி. நான் சேரி என்று சொல்வது உவமைக்காக இல்லை. அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

1865-ல் அடிமை முறை ஒழிந்த பிறகு, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் ஆஸ்டினில் ஒரே இடத்தில் இருக்கவில்லை. நகரைச் சுற்றிப் பல இடங்களில் தங்கள் குடியிருப்புகளை அமைத்துக்கொண்டார்கள். நகருக்கு மேற்கே 1871-ல் சார்லஸ் கிளார்க் என்ற விடுதலை பெற்ற மனிதர் நிலம் வாங்கி உருவாக்கிய கிளார்க்ஸ்வில் அப்படி ஒன்று. இப்படிச் சிதறிக் கிடப்பது வெள்ளையர் நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இன்ன இனத்தவர் இன்ன இடத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்று நகராட்சி சட்டம் போடக் கூடாது என 1917-லேயே அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. என்ன செய்தார்கள்? 1928-ல் கோக் அண்ட் ஃபௌலர் என்ற பொறியாளர் நிறுவனத்தை வைத்து ஒரு நகரத் திட்டம் போட்டார்கள். கறுப்பினத்தவருக்கான பள்ளிக்கூடம், பூங்கா போன்ற வசதிகளையெல்லாம் கிழக்கில் மட்டும் வைத்துவிடுவது, அவர்கள் தாங்களாகவே அங்கே போய்விடுவார்கள். திட்டம் அவ்வளவுதான். சட்டம் மீறப்படவில்லை. யாரையும் யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டுமா, கிழக்கே போ.

இதைப் படித்தபோது அந்த நகர நூலகத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நம்ம ஊரில் இதற்கு என்ஜினீயரே தேவைப்படவில்லை.

போக மறுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்குக் கிளார்க்ஸ்வில்தான் சாட்சி. அங்கே 1970களில்கூட மண் ரோடுதான். கழிவுநீர்க் குழாய் 1979-ல்தான் போட்டார்கள். அதற்கு முன்பே, 1971-ல், இன்னொரு விரைவுச் சாலைக்காகக் குடியிருப்பின் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார்கள். குழாய் வந்தது, ரோடு வந்தது, அதன் பின்னாலேயே விலையும் வந்தது. இன்றைக்கு ஆஸ்டினிலேயே விலை உயர்ந்த பகுதிகளில் அதுவும் ஒன்று. கறுப்பினத்தவர் தொடங்கிய தேவாலயம் இருக்கிறது. அவர்கள் இல்லை.

கிழக்கே போனவர்களுக்கு என்ன கிடைத்தது? பள்ளிக்கூடம் கிடைத்தது, பூங்கா கிடைத்தது, கூடவே தொழிற்சாலைகளும் கிடைத்தன. தொழில் மண்டலத்தையும் கிழக்கில்தான் வைத்தார்கள். மெக்சிகோ வம்சாவளி மக்கள் வாழ்ந்த தெருக்களை ஒட்டி ஒரு மின்நிலையம் வந்தது; 2007-ல்தான் அதை மூடினார்கள். பெட்ரோல் நிறுவனங்களின் எண்ணெய்த் தொட்டிகளும் வீடுகளுக்குப் பக்கத்திலேயே இருந்தன. அவற்றை அப்புறப்படுத்த அந்த மக்களே 1990களின் தொடக்கத்தில் அமைப்பாகத் திரண்டு போராட வேண்டியிருந்தது. வங்கிகள் அந்தப் பகுதிக்குக் கடன் தரவில்லை. 1930களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களின் வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைச் சிவப்பு மையால் தீட்டி, ஆபத்தான இடம் என்று குறித்துவைத்தது. கிழக்கு ஆஸ்டின் அந்தச் சிவப்புக்குள் இருந்தது.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும் தோழர்களே. விளம்பரத்தில் 'விசித்திரமான அழகுள்ள பழைய குடியிருப்பு' என்று போட்டிருந்தது அல்லவா, அந்தப் பழமை எங்கிருந்து வந்தது? கடன் கிடைக்காததால் இடித்துக் கட்ட முடியவில்லை. இருக்கிற மரவீட்டையே ஒட்டுப்போட்டு, கையில் கிடைத்த பெயிண்டை அடித்து, பின்னால் ஒரு அறை, பக்கத்தில் ஒரு சாய்ப்பு என்று ஐம்பது அறுபது வருஷம் தள்ளியிருக்கிறார்கள். வறுமையும் கைத்திறனும் சேர்ந்து செய்த அந்தத் தோற்றம்தான் இப்போது அழகு என்று விலைக்குப் போகிறது. அந்த நகரத்துக்கு ஒரு முழக்கமே உண்டு, 'கீப் ஆஸ்டின் வியர்ட்'. ஆஸ்டினைக் கிறுக்காகவே வைத்திருங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 2000-த்தில் கிளம்பியது. பனியனில், கோப்பையில் எல்லாம் அச்சடித்து விற்கிறார்கள். 2015-ல் கிழக்குப் பகுதியில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பம் ஒன்று நடத்திவந்த பின்யாட்டா கடையைச் சாமான்களோடு இடித்துத் தள்ளினார்கள். பின்யாட்டா என்பது குழந்தைகளின் பிறந்தநாளில் கட்டித் தொங்கவிட்டு உடைக்கிற மிட்டாய்ப் பொம்மை. அதே இடத்தில் பிறகு பூனைகளோடு உட்கார்ந்து காபி குடிக்கிற கடை ஒன்று வந்தது. எது கிறுக்கு, எது அழகு என்று முடிவு செய்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று இதிலிருந்தே தெரியும்.

நாங்கள் பார்க்கப் போன வீடு ஒரு மேட்டுத் தெருவில் இருந்தது. தெருவின் மேற்குப் பக்கம் விற்கிற வீடு. அதற்கு எதிரே, கிழக்குப் பக்கம், ஒரு கறுப்பினப் பாட்டி திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டைக் காட்ட வர வேண்டிய ஆள் தாமதமாக, நாங்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தோம். அவரே கையசைத்துக் கூப்பிட்டு நிழலில் உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். நான் அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்தபோது மனதில் என்ன ஓடியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் பேசியதை என் மருமகன் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். சிறு வயதில் இந்தத் திண்ணையிலிருந்து பார்த்தால் இரண்டுதான் தெரியுமாம். ஒன்று சட்டமன்றக் கட்டிடத்தின் குவிமாடம், இன்னொன்று பல்கலைக்கழகத்தின் கோபுரம். அந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில் ஒரு கறுப்பின மாணவரைச் சேர்க்கவே 1950-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று நம்மை எட்ட நிற்க வைத்தார்களே, அதே கதை.

மற்ற உயரக் கட்டிடங்களெல்லாம் பிறகு முளைத்தவை. அவர் பார்வையைத் தேடிப் போகவில்லை, பார்வைதான் அவர் வாசலைத் தேடி வந்திருக்கிறது. கூடவே வரியும் வந்தது. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. பள்ளிக்கூடம் முதல் ரோடு வரை பெரும்பகுதி சொத்துவரியில்தான் நடக்கிறது. எதிர்வீடு நல்ல விலைக்குப் போனால் உங்கள் வீட்டின் மதிப்பும் ஏறும், நீங்கள் ஒரு ஆணி அடித்திருக்காவிட்டாலும். குடியிருக்கும் வீட்டின் மதிப்பை வருஷத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று வரம்பு உண்டு, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மேலும் சலுகை உண்டு. ஆனால் வீடு பிள்ளைகள் பெயருக்கு மாறும்போது அந்த வரம்பு போய்விடும். "நான் இருக்கிறவரைக்கும்தான் இந்த வீடு" என்றார் பாட்டி. ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டினார். உங்கள் வீட்டை ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று தபாலில் வந்த கார்டுகள். பெட்டி நிறைய.

மேற்குப் பக்கத்து நிலத்தடி நீரையும் ஊற்றுகளையும் காப்பாற்ற வேண்டும் என்று அந்த ஊரில் ஒரு பெரிய இயக்கம் நடந்தது. நல்ல இயக்கம்தான். 1992-ல் மக்கள் வாக்களித்து அதற்கான சட்டமும் வந்தது. ஆனால் மேற்கில் கட்டக் கூடாது என்றால் எங்கே கட்டுவது? 1990களின் கடைசியில் நகர நிர்வாகம் கிழக்கை 'வளர்ச்சி விரும்பப்படும் மண்டலம்' ஆக்கியது. விரும்பியது யார் என்று கேட்காதீர்கள். 2000-க்கும் 2010-க்கும் இடையில் ஆஸ்டினின் மக்கள்தொகை 20 சதவீதம் கூடியது. கறுப்பின மக்களின் எண்ணிக்கை 5.4 சதவீதம் குறைந்தது. வேகமாக வளர்ந்த அமெரிக்கப் பெருநகரங்களில் இப்படி நடந்தது ஆஸ்டினில் மட்டும்தான் என்று டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வு 2014-ல் சொன்னது. 1928-ல் பள்ளிக்கூடத்தைக் காட்டிக் கிழக்கே தள்ளியவர்களை, இப்போது விலையைக் காட்டி நகரத்துக்கு வெளியே தள்ளுகிறார்கள்.

இன்னொரு சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1983-ல் டெக்சாஸ் அரசு சட்டமன்றக் குவிமாடம் தெரிகிற பார்வைப் பாதைகளைச் சட்டம் போட்டுப் பாதுகாத்தது. குறித்த இடங்களிலிருந்து பார்த்தால் குவிமாடம் மறையக் கூடாது, நடுவில் அதை மறைக்கிற உயரத்துக்குக் கட்டிடம் கட்டக் கூடாது. பார்வைக்குப் பாதுகாப்பு இருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த ஆளுக்கு?

எல்லோரும் கைகட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைக்காதீர்கள். குவாடலூப் என்ற பகுதி மக்கள் 1981-லேயே சொந்தமாக ஒரு வீட்டுவசதி அமைப்பை உருவாக்கினார்கள். 2012-ல் டெக்சாஸிலேயே முதல்முறையாக நில அறக்கட்டளை முறையைக் கொண்டுவந்தார்கள். நிலம் அறக்கட்டளைக்குச் சொந்தம். அதன்மேல் உள்ள வீடு மட்டும் குடும்பத்துக்குச் சொந்தம். விற்கலாம், ஆனால் சந்தை விலைக்கு விற்க முடியாது. அந்தப் பகுதியில் தலைமுறையாக வேர் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. எனக்கு உடனே நம் பஞ்சமி நிலம்தான் ஞாபகம் வந்தது. 1892 ஆணைப்படி கொடுத்த நிலத்தைப் பத்து வருஷம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே விற்கலாம். நிபந்தனை நம்மிடமும் இருந்தது. அதைக் காவல் காக்கிற அமைப்பு மக்கள் கையில் இல்லை. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் காரணைப் போராட்டம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். திரும்பும்போது காரில் மருமகன் பேசவே இல்லை. ராத்திரி சாப்பிட்ட பிறகுதான் வாயைத் திறந்தான். "மாமா, நான் இருக்கற இடத்துல நம்மாளுங்க நெறைய. பொங்கலுக்குக் கூப்புடுவாங்க. போனா, தம்பி எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம்னு ஆரம்பிச்சிருவாங்க. முதுகுல கைய வச்சு பூணூல் இருக்கான்னு தடவிப் பாத்தவனும் இருக்கான். அந்தப் பாட்டி என்கிட்ட ஒண்ணுமே கேக்கல. அதுக்காகத்தான் அங்க வீடு வேணும்னு நெனச்சேன். இப்ப நான் வாங்கினா அந்தப் பாட்டிக்கு வரி ஏறும். நான் என்ன பண்றது?"

நான் முப்பது வருஷம் மேடைகளில் பேசியவன். அவனுக்குப் பதில் சொல்ல வரவில்லை. சேரியிலிருந்து தப்பித்து வந்தவனிடம், இன்னொரு சேரியில் நீ ஆதிக்கக்காரன் ஆகப்போகிறாய் என்று எப்படிச் சொல்வது? பணத்தை வைத்துக்கொண்டு அந்த ஊர்வாசிகளிடையே திரும்பவும் போய் உட்கார் என்றுதான் எப்படிச் சொல்வது? வாங்கு என்றும் சொல்லவில்லை, வாங்காதே என்றும் சொல்லவில்லை. நான் ஊர் திரும்பிய பிறகு, அவனாகவே விட்டுவிட்டான்.

அதற்கப்புறம் 2023 டிசம்பரில், ஒரு மனையில் மூன்று வீடுவரை கட்டிக்கொள்ளலாம் என்று ஆஸ்டின் நகரமன்றம் விதியை மாற்றியது. வீட்டுப் பற்றாக்குறை தீரும், விலை இறங்கும் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். 2024-ல் அந்த நெடுஞ்சாலையின் மேலடுக்கை எடுத்துவிட்டுப் பாதையைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி அகலப்படுத்தும் வேலையும் தொடங்கியது. அதற்காகவும் ஓரத்தில் இருந்த வீடுகளும் கடைகளும் போகின்றன.

போன மாதம் மருமகன் போன் செய்தான். அந்தப் பக்கம் போயிருக்கிறான். நாங்கள் பார்த்த வீட்டை ஒரு கம்பெனி வாங்கி இடித்துவிட்டதாம். "மூணு வீடு வருது மாமா, உசரமா. பாட்டி திண்ணையிலதான் உக்காந்திருந்தாங்க. என்னை ஞாபகம் வச்சிருந்தாங்க. பக்கத்துல உக்காந்து பாத்தேன். அங்கேர்ந்து இப்ப டவுன்டவுனும் தெரியல, கோபுரமும் தெரியல. செவுருதான் தெரியுது."