அயலாரும் விருந்தினரும்



கோடையில் ஏதென்சின் பிரேயஸ் துறைமுகத்தில் ஐரோப்பிய இளைஞர் நண்பர் குழாங்களாய்த் திரள்வர். முதுகில் ஒரு பை. குறைந்த கட்டணத்தில் கப்பலின் மேல்தளம். உறக்கம் விண்மீன்களின் கீழ். நாக்சோஸ், சாந்தோரினி எனத் தீவு தீவாய்ச் சுற்றுவர்.

கிரேக்க மொழியில் 'க்செனோஸ்' என்னும் ஒரே சொல் அயலாரையும் விருந்தினரையும் குறிக்கும். நம் 'விருந்து' என்பதும் புதுமை என்னும் பொருளுடையதன்றோ!

2015 கோடையில் கோஸ் தீவில் அக்கிரேக்கச் சொல் இரண்டாய்ப் பிளந்தது. துருக்கிக் கரை அங்கிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டரே. சுற்றுலா இளைஞர் பகற்படகில் கடந்த அக்கடலை, அதே வயதுச் சிரிய இளைஞர், முதுகுப் பையுடன், இரவில் ரப்பர்ப் படகில் கடந்தனர். முன்னவர்க்கு விடுதி, பின்னவருள் பலர்க்குப் பதிவு முடியும்வரை வெயில் காயும் விளையாட்டரங்கு. பிரேயஸ் செல்லும் கப்பலில் இரு சாராரும் ஏறினர்.