சுவருக்குப் பதிலாகச் சதுப்புப் புல்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களை ஊடுருவி ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது செசபீக் விரிகுடா. அந்நாட்டின் மிகப் பெரிய கழிமுகம் இதுதான். ஆறுகளும் ஓடைகளும் திசைதோறும் வந்து கலப்பதால் இதன் கரை நேராக ஓடுவதில்லை. வளைவு நெளிவுகளையெல்லாம் சேர்த்து அளந்தால் 18,000 கிலோமீட்டரைத் தாண்டும். அதில் பெரும்பகுதி தனியார் நிலம். வீட்டின் பின்புறம் புல்தரை, புல்தரை முடிந்ததும் தண்ணீர். அந்த விளிம்பு ஆண்டுக்காண்டு சரிந்து நீரில் கரைகிறது.

இதற்கு அலையை மட்டும் குறை சொல்ல முடியாது. அங்கே நிலமே தாழ்ந்துகொண்டிருக்கிறது. பனியூழிக் காலத்தில் வடக்கே படர்ந்திருந்த பெரும் பனிப்பாறையின் எடை அங்குள்ள தரையை அமுக்க, அதன் விளிம்புக்கு வெளியே இருந்த செசபீக் பகுதி சற்று மேலெழுந்தது. பனி உருகிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆன பிறகும் அந்த மேடு இறங்கி முடியவில்லை. இன்னொரு பக்கம் கடல் மட்டம் உயர்கிறது. இரண்டும் சேர்ந்து, கடந்த நூறாண்டில் கரையோரத்தில் தண்ணீர் ஏறத்தாழ ஓரடி ஏறியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முந்நூறு பேருக்கு மேல் வாழ்ந்த, இந்த விரிகுடாவிலுள்ள ஹாலந்து தீவில் கடைசியாக எஞ்சிய வீடு 2010இல் சரிந்து விழுந்தது.

நிலம் போகிறதென்றால் சுவர் எழுப்பத்தான் யாருக்கும் தோன்றும். செசபீக் கரையிலும் பல தலைமுறைகளாக மரப் பலகையாலும் கான்கிரீட்டாலும் செங்குத்தான தடுப்புச்சுவர்கள் எழுந்தன. சரிவுகளில் பாறை கொட்டப்பட்டது. சுவருக்குப் பின்னால் உள்ள மண் நிற்கிறது என்பது உண்மை. முன்னால் நடப்பது வேறு. செங்குத்துச் சுவரில் மோதிய அலை வலுக் குறையாமல் திரும்புகிறது. திரும்பும் வேகத்தில் சுவரின் அடியில் மண்ணைத் தோண்டுகிறது. சில ஆண்டுகளில் சுவருக்கு முன்னிருந்த சிறு மணல்திட்டு மறைகிறது, நீர் ஆழமாகிறது, ஆழமான நீரில் இன்னும் பெரிய அலை வந்து மோதுகிறது. கடைசியில் சுவரே அடிபெயர்ந்து சாய்கிறது.

அண்டை வீட்டுக்காரருக்கும் இதில் இழப்பு உண்டு. இத்தகைய கரைகளில் மணல் பெரும்பாலும் கரைமேடுகள் அரிபடுவதால்தான் வருகிறது. ஓரிடத்தில் கரைந்த மண் நீரோட்டத்தோடு நகர்ந்து அடுத்த இடத்தில் படிகிறது. ஒருவர் சுவர் கட்டிவிட்டால் பக்கத்துக் கரைக்கு வர வேண்டிய மணல் நின்றுபோகிறது. சுவர் முடியும் முனையில் அலை திரும்பி, காப்பில்லாத நிலத்தை இன்னும் வேகமாக அரிக்கிறது. அந்த நிலத்துக்காரரும் சுவர் கட்டுகிறார். ஒரு ஓடையின் இரு கரையும் இப்படித்தான் வரிசையாகச் சுவராகிவிடுகின்றன. முட்டையிட மணலைத் தேடி வரும் குதிரைலாட நண்டுக்கும் உவர்நீர் ஆமைக்கும் அங்கே ஏற வழியில்லை.

இந்தச் சுவர்களுக்கு மாற்றுதான் உயிர்க்கரை. அலையைத் திருப்பி அனுப்பாமல், அதைக் களைக்க வைக்கும் ஏற்பாடு அது. அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவது. உயரம் பாதியானால் ஆற்றல் நான்கில் ஒன்றாகிவிடும். ஆகவே கரையை எட்டுமுன் அலையைக் கொஞ்சம் தாழ்த்தினாலே பெரும் பலன் உண்டு. செங்குத்தான கரைமேட்டைச் சாய்வாகச் செதுக்கி, தேவையான இடத்தில் மணல் கொட்டி, அந்தச் சரிவில் உவர்ச்சதுப்புப் புல் நடுகிறார்கள். அடர்ந்த தண்டுகளுக்கிடையே நுழையும் நீர் வேகம் குறைகிறது. குறைந்ததும் அது சுமந்து வந்த வண்டல் அங்கேயே தங்குகிறது. அடியில் வேர்கள் பின்னி மண்ணைப் பிடிக்கின்றன. ஆக, தரை தன்னைத்தானே உயர்த்திக்கொள்கிறது. எந்தச் சுவரும் செய்ய முடியாத வேலை இது.

நடும் புல் முக்கியமாக இரண்டு வகை, இரண்டும் ஸ்பார்ட்டினா பேரினம். உயரமான ஸ்பார்ட்டினா ஆல்டர்னிஃபுளோரா, நீர் தினமும் ஏறி வற்றும் பகுதிக்கு உரியது. வேர் மூழ்கும்போது இலைவழியே காற்றை உள்ளே கொண்டுபோகும், மிகுந்த உப்பை இலைமேல் கக்கிவிடும். அதற்கு மேலே, எப்போதாவது நீர் தொடும் இடத்துக்கு மெல்லிய ஸ்பார்ட்டினா பேட்டன்ஸ். சில அங்குல உயர வேறுபாடுதான் எந்தப் புல் எங்கே பிழைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. செசபீக்கின் பல பகுதிகளில் நீரின் ஏற்ற இறக்கமே ஓரிரு அடிதான். மட்டம் தவறினால் நட்டதெல்லாம் அழுகும் அல்லது காயும்.

இந்தப் புல்லை விதைத்து, நாற்றாக்கி, கரையில் நட முடியும் என்று அப்பகுதியில் முன்நின்று காட்டியவர் எட்கர் கார்பிஷ். வேதியியல் பேராசிரியராக இருந்த அவர், 1972இல் மேரிலாந்தின் செயின்ட் மைக்கேல்ஸ் ஊரில் ‘என்விரான்மென்டல் கன்சர்ன்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கிச் சதுப்புத் தாவரங்களுக்கு நாற்றங்கால் அமைத்தார்.

அமைதியான ஓடைகளில் புல் மட்டுமே போதும். இளம் நாற்று வேர்பிடிக்கும்வரை தாங்க, தென்னை நாரை இறுக்கிச் சுற்றிய உருளைகளைக் கரையடியில் முளையடித்துக் கட்டுகிறார்கள். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறிப் போகும் நார் அது. சில ஆண்டுகளில் மக்கிவிடும், அதற்குள் வேர் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். அலை சற்று வலுவான இடங்களில், கரையிலிருந்து தள்ளி நீருக்குள், வயல்வரம்பு போலத் தாழ்வான கல்வரம்பு போடப்படுகிறது. பெரிய அலை அதன்மேல் உடைகிறது, எஞ்சியதைப் புல் வாங்கிக்கொள்கிறது. மீனும் ஆமையும் போய்வர வரம்பில் இடைவெளி விடுவது முக்கியம். சில இடங்களில் கல்லுக்குப் பதிலாகச் சிப்பி ஓடுகளைக் குவிக்கிறார்கள். புதிய சிப்பிகள் அவற்றில் ஒட்டி வளர, வரம்பும் வளர்கிறது.

புயலுக்கு இது தாங்குமா என்ற ஐயம் நியாயமானது. 2011இல் ஐரீன் புயல் வடக்குக் கரோலைனாவைத் தாக்கியபின் நடந்த ஆய்வில், அங்குள்ள அவுட்டர் பேங்க்ஸ் பகுதியில் பார்த்த தடுப்புச்சுவர்களில் 76 விழுக்காடு சேதமடைந்திருந்தன. ஆய்வுக்கு எடுத்த சதுப்புகளில் தரைமட்டம் குறையவில்லை. புல்லின் அடர்த்தி குறைந்தது, ஓராண்டில் மீண்டது. ஆனாலும் அது முதல் நிலைப் புயல்தான் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். பல மைல் திறந்த நீர்ப்பரப்பின் மேல் காற்று தடையின்றி ஓடிவரும் இடத்திலும், பெரும் படகுகள் ஓயாமல் அலை கிளப்பும் வாய்க்காலிலும் புல்லை மட்டும் நம்புவது வீண்.

சட்டமும் மாறியிருக்கிறது. மேரிலாந்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கரைக்காப்புக்கு உயிர்க்கரையே இயல்பான வழி. சுவரோ பாறையோ வேண்டுமென்றால், தம் இடத்துக்கு உயிர்க்கரை பொருந்தாது என்று நில உரிமையாளர்தான் நிறுவ வேண்டும். சுவருக்கென்றே அரசு குறித்துவைத்த பகுதிகளுக்கு மட்டும் விலக்கு. நிறுவும் சுமை கைமாறியதுதான் இச்சட்டத்தின் உயிர்நாடி. அதுவரை இயற்கை வழியை விரும்பியவரே கூடுதலாக வாதாட வேண்டியிருந்தது. வர்ஜீனியா 2011இல் உயிர்க்கரையை விரும்பத்தக்க முறை என்று அறிவித்து, 2020இல் பொருத்தமான இடங்களில் அதைக் கட்டாயமாக்கியது.

நட்டதோடு வேலை முடிந்துவிடாது. புதுநாற்றைக் கனடா வாத்துகள் வேரோடு பிடுங்கித் தின்னும்; முதல் ஓரிரு பருவங்களுக்குக் குச்சி நட்டுக் கயிறு கட்டி அவற்றை விலக்க வேண்டும். கரைமரங்களின் நிழல் விழுந்தால் புல் நலிகிறது, கிளைகளைக் கழிக்க வேண்டும். புயலில் ஒதுங்கிய குப்பைக் குவியல் புல்லை மூடி அழுக வைக்காமல் அகற்ற வேண்டும். எல்லாவற்றையும்விடச் சிக்கலானது பின்புற இடம். கடல் ஏற ஏற, வண்டல் போதாத சதுப்பு உள்நாட்டை நோக்கி நகரும். பின்னால் சாலையோ வீட்டு அடித்தளமோ குறுக்கே நின்றால் அது நகர முடியாமல் மூழ்கும். அதனால்தான் வடிவமைப்பாளர்கள் இப்போது கரையை மட்டும் அளக்காமல், வீட்டுக்கும் கரைக்கும் இடையே எவ்வளவு புல்தரையை உரிமையாளர் விட்டுக்கொடுப்பார் என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்கிறார்கள்.